நிரல் எழுதக் கணிதம் எதற்கு? கணினி அறிவியல் மாணவருக்கு ஓர் அறிமுகம்

"கணக்கு வராதவர் கணினி அறிவியல் பக்கமே போகக் கூடாது" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். "வேலைக்குப் போனால் கூட்டலும் கழித்தலும் போதும், மற்றதெல்லாம் தேர்வுக்காகப் படிப்பது" என்கிறார்கள் இன்னொரு சாரார். முதல் பேச்சு நல்ல மாணவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது பேச்சு உள்ளே வந்தவர்களை அரைகுறையாக வெளியே அனுப்புகிறது. இரண்டு சாராரும் கணிதம் என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது கணக்குப் போடுவதைத்தான்: நீளமான பெருக்கல், சிக்கலான தொகையீடு, பக்கம் பக்கமாகச் சூத்திரம். அந்த வேலையைக் கணினியே நம்மைவிட வேகமாகச் செய்துவிடும்.

நிரல் எழுதுபவரின் அடிப்படைச் சிக்கல் வேறு. நாம் பத்து உள்ளீடுகளைக் கொடுத்துச் சோதிக்கிறோம். நிரலோ கோடிக்கணக்கான உள்ளீடுகளைச் சந்திக்கப் போகிறது. இரண்டு 32 பிட் எண்களை (0, 1 என்ற இலக்கங்கள் 32 கொண்ட எண்களை) வாங்கிக் கூட்டும் சின்னஞ்சிறு நிரலுக்கே சாத்தியமான உள்ளீட்டு இணைகள் 2-இன் 64-ஆம் அடுக்கு. நொடிக்கு 100 கோடி இணைகள் வீதம் சோதித்தாலும், எல்லாவற்றையும் முடிக்க 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே, பார்க்காத உள்ளீடுகளைப் பற்றியும் உறுதியாகப் பேச ஒரு வழி வேண்டும். கணினி அறிவியல் படிப்பில் கணிதம் வந்து நிற்கும் இடம் இதுதான். அது எப்படி வேலை செய்கிறது என்பதை, பள்ளிக் கணிதம் மட்டும் தெரிந்தவருக்கும் புரியும்படி பார்ப்போம்.

## ஒரு கூடம், சில கைகுலுக்கல்கள்

ஒரு கூடத்தில் 10 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஒரு முறை கைகுலுக்க வேண்டும். மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? ஒருவர் 9 பேருடன் குலுக்குவார். 10 பேருக்கு 90. ஆனால் ஒவ்வொரு குலுக்கலையும் இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணிவிட்டோம். பாதியாக்கினால் 45. ஆட்களின் எண்ணிக்கையை ‘எ’ என்று கொண்டால், விடை எ × (எ − 1) ÷ 2. 100 பேருக்கு 4,950. 1,000 பேருக்கு 4,99,500. ஆட்கள் பத்து மடங்கானால் கைகுலுக்கல் ஏறத்தாழ நூறு மடங்காகிறது.

இப்போது நிரலுக்கு வருவோம். ஒரு பட்டியலில் ஒரே மின்னஞ்சல் முகவரி இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு முகவரியையும் அதற்குப் பின்னால் உள்ள எல்லா முகவரிகளோடும் ஒப்பிடுவது. ஒரு லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதிக்குள், இன்னொரு லூப். ஒவ்வோர் ஒப்பீடும் ஒரு கைகுலுக்கல். 1 லட்சம் முகவரிகளுக்கு சுமார் 500 கோடி ஒப்பீடுகள். நொடிக்கு 10 கோடி ஒப்பீடுகள் செய்யும் கணினியில் இது 50 நொடி. 10 லட்சம் முகவரிகளுக்கு 50,000 கோடி ஒப்பீடுகள். அதே கணினியில் ஏறத்தாழ 83 நிமிடம்.

இன்னொரு வழி உண்டு. பட்டியலை முதலில் அகர வரிசைப்படுத்திவிட்டால் ஒரே மாதிரியான முகவரிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பிறகு ஒரு முறை மேலிருந்து கீழே போய் வந்தால் போதும். வரிசைப்படுத்த எவ்வளவு வேலை? பட்டியலை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாகப் பிரித்து, ஒற்றை உறுப்பு வரும் வரை போய், பிறகு வரிசை கெடாமல் இணைத்துக்கொண்டே மேலே வரலாம். 10 லட்சத்தை இப்படிப் பாதி பாதியாக்கினால் சுமார் 20 படியில் ஒன்றுக்கு வந்துவிடும். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் 1 வரும் என்பதைச் சொல்லும் அளவுதான் அதன் 2 அடிமான மடக்கை. ஒவ்வொரு படியிலும் 10 லட்சம் உறுப்புகளையும் ஒரு முறை தொடுகிறோம். 20 படிக்கு 2 கோடித் தொடுதல். அதே கணினியில் 0.2 நொடி.

83 நிமிடம் எங்கே, 0.2 நொடி எங்கே. இயந்திரத்தை மாற்றவில்லை, மொழியை மாற்றவில்லை. எண்ணும் முறை தெரிந்ததால் மட்டும் கிடைத்த லாபம் இது.

உள்ளீடு பெருகும்போது வேலை எந்த வேகத்தில் பெருகுகிறது என்பதைக் குறிக்கும் வழக்கமான எழுத்துமுறைக்கு ‘பிக் ஓ’ என்று பெயர். கைகுலுக்கல் வழி எ² வகை. வரிசைப்படுத்தும் வழி எ × மடக்கை எ வகை. வேகமான கணினி வாங்கினால் சரியாகிவிடாதா என்று பலர் கேட்பார்கள். எ² வகை நிரலுக்குப் பத்து மடங்கு வேகமான கணினி கொடுத்தால், அதே நேரத்தில் அது கையாளக்கூடிய தரவு வெறும் 3.2 மடங்குதான் கூடும், ஏனெனில் 10-இன் வர்க்கமூலம் அவ்வளவுதான்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. மாணவர் 200 உறுப்புகள் உள்ள மாதிரித் தரவில் சோதிக்கிறார். 19,900 ஒப்பீடுகள் கண் இமைக்கும் முன் முடிகின்றன. நிரல் நன்றாக இருக்கிறது என்று ஒப்படைத்துவிடுகிறார். உண்மையான தரவு வந்ததும் திரை உறைந்து நிற்கிறது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிக் ஓ மாறிலிகளை, அதாவது ஒவ்வொரு படிக்கும் ஆகும் நிலையான செலவை, கணக்கில் கொள்ளாது. சில பத்து உறுப்புகளுக்குள் எளிய எ² வழியே பெரும்பாலும் வேகமானது. பைத்தான் போன்ற நிரல் மொழிகளின் வரிசைப்படுத்தும் நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) சிறு துண்டுகளுக்கு அந்த எளிய வழியைத்தான் உள்ளே பயன்படுத்துகின்றன.

இதுவரை பார்த்ததன் சாரம்: வேலையை ஓட்டிப் பார்க்காமலே எண்ணிவிட முடியும். எண்ணத் தெரிந்தவருக்கு, நிரல் எங்கே திணறும் என்பது எழுதும் முன்பே தெரியும்.

## நிபந்தனைகளைத் தலைகீழாக்குதல்

நிரலில் ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்று எழுதும் ஒவ்வொரு வரியும் தர்க்கம். உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துக் கணக்கிடும் முறையை ஜார்ஜ் பூல் 1854-இல் விரிவாக எழுதினார். மின்சுற்றுகளின் சுவிட்சுகளை அதே முறையால் வடிவமைக்கலாம் என்று கிளாட் ஷானன் 1937-இல் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். இன்றைய செயலிகளின் தர்க்கச் சுற்றுகள் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

நடைமுறையில் இது கடிக்கும் இடத்தைப் பார்ப்போம். கடவுச்சொல்லில் குறைந்தது 8 எழுத்துக்குறிகள் வேண்டும், ஓர் இலக்கமாவது வேண்டும். ஏற்பதற்கான நிபந்தனை: நீளம் போதுமானது, *மேலும்* இலக்கம் உண்டு. நிராகரிப்பதற்கான நிபந்தனையை எழுதச் சொன்னால், புதியவர் பலர் ‘நீளம் போதாது, *மேலும்* இலக்கம் இல்லை’ என்று எழுதுவார்கள். அது தவறு. வெறும் 1234 உள்ளே போய்விடும், ஏனெனில் அதில் இலக்கம் உண்டு. இலக்கமே இல்லாத பத்தெழுத்துச் சொல்லும் உள்ளே போய்விடும், ஏனெனில் நீளம் போதும். நான்கு எழுத்துச் சொல் ஒன்றை மட்டும் கொடுத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ‘மேலும்’ என்பதை மறுக்கும்போது அது ‘அல்லது’ ஆக வேண்டும். ‘அல்லது’ என்பதை மறுக்கும்போது ‘மேலும்’ ஆக வேண்டும். இதை டி மார்கன் விதி என்பார்கள். இரண்டு வரி விதி. ஆனால் இதைப் பிழையில்லாமல் கையாளத் தெரிந்தவர் மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

இதன் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம். ‘பட்டியலில் உள்ள எல்லோரும் தேர்ச்சி பெற்றார்களா?’ என்று கேட்கும் நிரல், பட்டியல் காலியாக இருந்தால் என்ன சொல்ல வேண்டும்? கணிதப்படி விடை ‘ஆம்’. தேர்ச்சி பெறாத ஒருவரைக்கூடக் காட்ட முடியாது அல்லவா? பெரும்பாலான மொழிகளும் அப்படித்தான் விடை தருகின்றன. தரவு வந்து சேராத நாளில் ‘அனைவரும் தேர்ச்சி’ என்று அறிக்கை வெளியாவது இதனால்தான்.

## ஒரு லூப்பை நம்புவது எப்படி?

இந்தப் பகுதிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கணினி அறிவியலில் கணிதத்தின் இயல்பு இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

வரிசைப்படுத்திய பட்டியலில் ஓர் எண்ணைத் தேட வேண்டும். நடுவில் உள்ள உறுப்பைப் பார்க்கிறோம். தேடும் எண் அதைவிடப் பெரியது என்றால் இடது பாதியை விட்டுவிடுகிறோம். சிறியது என்றால் வலது பாதியை விட்டுவிடுகிறோம். மிச்சமிருப்பதில் மறுபடி நடு. இதற்கு இருமத் தேடல் என்று பெயர். 10 லட்சம் உறுப்புகளில் 20 பார்வையில் விடை. நிரலில் ‘கீழ்’, ‘மேல்’ என்று இரண்டு எல்லைகளை வைத்துக்கொள்கிறோம்; நடு = (கீழ் + மேல்) ÷ 2, பின்னம் வந்தால் வெட்டிவிடுகிறோம்.

இது எல்லாப் பட்டியலுக்கும் சரியாக வேலை செய்யும் என்று எப்படிச் சொல்வது? லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் உண்மையாக இருக்கும் ஒரு கூற்றைப் பிடிக்க வேண்டும். அதை லூப்பின் மாறாக் கூற்று என்போம். இங்கே அது: ‘தேடும் எண் பட்டியலில் இருக்குமானால், அது கீழ் முதல் மேல் வரையிலான பகுதிக்குள்தான் இருக்கிறது.’ பிறகு மூன்று கேள்விகள்.

தொடக்கத்தில் உண்மையா? கீழ் முதல் உறுப்பு, மேல் கடைசி உறுப்பு. முழுப் பட்டியலும் உள்ளே இருக்கிறது. உண்மை.

ஒரு சுற்றுக்கு முன் உண்மையாக இருந்தால், சுற்று முடிந்த பிறகும் உண்மையா? தேடும் எண் நடுவைவிடப் பெரியது என்றால், பட்டியல் வரிசையில் இருப்பதால் நடுவும் அதற்கு இடப்புறம் உள்ளவையும் அதுவாக இருக்க முடியாது. ஆகவே கீழ் எல்லையை நடு + 1 ஆக்குவது எதையும் இழக்காது. மறுபக்கமும் இதே வாதம்.

லூப் கட்டாயம் முடியுமா? ஒவ்வொரு சுற்றிலும் கீழுக்கும் மேலுக்கும் இடைப்பட்ட பகுதி குறைந்தது ஓர் உறுப்பாவது சுருங்குகிறது. முடிவில்லாமல் சுருங்க முடியாது. எனவே முடியும்.

முதல் இரண்டு கேள்விகளும் சேர்ந்ததுதான் கணிதத் தொகுத்தறிதல். தொடக்க நிலைக்கு உண்மை என்று காட்டி, ஒரு நிலையில் உண்மையானால் அடுத்த நிலையிலும் உண்மை என்று காட்டினால், எல்லா நிலைகளுக்கும் உண்மை. பள்ளியில் ‘முதல் எ எண்களின் கூட்டல்’ சூத்திரத்துக்காக ஒரு முறை படித்து மறந்துபோன அதே முறைதான். கணினி அறிவியலில் ஒவ்வொரு லூப்பும், தன்னையே அழைக்கும் ஒவ்வொரு சார்பும் அதன் இன்னொரு உருவம்.

இப்போது ஒரு பிழையைப் பாருங்கள். கீழ் எல்லையை நடு + 1 ஆக்குவதற்குப் பதில் நடு என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? மாறாக் கூற்று கெடவில்லை. தேடும் எண் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் கீழ் 5, மேல் 6 என்று வரும்போது நடு 5.5, வெட்டினால் 5. தேடும் எண் பெரியது என்றால் கீழ் மறுபடி 5. எதுவும் சுருங்கவில்லை. நிரல் நிற்காமல் சுற்றுகிறது. மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டவருக்கு இது எப்போதோ ஒரு நாள் வரும் மர்மப் பிழை. கேட்டவருக்கு எழுதும்போதே கண்ணில் படும்.

இன்னும் ஒரு படி போக வேண்டும். ஜாவா மொழியோடு சேர்ந்தே வரும் நூலகத்தில் இருந்த இருமத் தேடலிலேயே ஒரு பிழை ஏறத்தாழ 9 ஆண்டுகள் மறைந்திருந்து 2006-இல் வெளியில் தெரிந்தது. மேலே சொன்ன வாதம் எல்லாம் சரிதான். ஆனால் அந்த வாதம் எண்களுக்கு எல்லை இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. ஜாவாவின் 32 பிட் முழு எண்ணுக்கு உச்சம் 2,147,483,647. பட்டியலில் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால் கீழ் + மேல் அந்த உச்சத்தைத் தாண்டி, எதிர்ம எண்ணாக மாறிவிடும். நடு எதிர்மமானதும் நிரல் விழுந்துவிடும். திருத்தம் சின்னது: நடு = கீழ் + (மேல் − கீழ்) ÷ 2. இந்த வடிவில் எந்த இடைநிலை எண்ணும் உச்சத்தைத் தாண்டாது.

இதிலிருந்து நிறுவல் (கணித நிரூபணம்) பயனற்றது என்று முடிவு கட்டக் கூடாது. ஒவ்வொரு நிறுவலும் சில எடுகோள்களின் மேல் நிற்கிறது. அந்த எடுகோள்கள் உண்மையான இயந்திரத்தில் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும் நிறுவலின் பகுதிதான்.

சுருக்கமாக: சோதனை, கொடுத்த உள்ளீடுகளைப் பற்றி மட்டும் பேசும். நிறுவல், தன் எடுகோளுக்கு உட்பட்ட எல்லா உள்ளீடுகளையும் பற்றிப் பேசும். நல்ல நிரலாளருக்கு இரண்டும் வேண்டும்.

## கூடத்தைப் படமாக வரைந்தால்

அதே கூடம். இம்முறை யார் வேண்டுமானாலும் யாருடனும் கைகுலுக்கலாம், கட்டாயம் இல்லை. ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகவும் ஒவ்வொரு கைகுலுக்கலையும் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடாகவும் வரைகிறோம். கிடைப்பது கோட்டுரு. புள்ளிகள் முனைகள், கோடுகள் விளிம்புகள்.

யார் யாருடன் குலுக்கினார்கள் என்றே தெரியாமல் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். ஒற்றைப்படை முறை கைகுலுக்கியவர்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். ஒவ்வொருவரும் எத்தனை முறை குலுக்கினார் என்பதை எல்லாம் கூட்டினால், ஒவ்வொரு குலுக்கலும் இரண்டு முறை எண்ணப்படுவதால் மொத்தம் இரட்டைப்படை. ஒற்றைப்படைக்காரர்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் மொத்தம் ஒற்றைப்படையாகிவிடும், அது நடக்காது. லியோனார்ட் ஆய்லர் 1736-இல் கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி எழுதியபோது இந்த உண்மையைச் சொன்னார். கோட்டுருவியல் தொடங்கியது அங்கேதான் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

கோட்டுருவின் பயன் இதுபோன்ற அழகான விடைகளோடு நிற்பதில்லை. ஒரு சிக்கலைக் கோட்டுருவாகப் பார்க்கத் தெரிந்தால், அதற்கு ஏற்கனவே தீர்வு இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். தேர்வு அட்டவணை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடமும் ஒரு முனை. ஒரே மாணவர் இரண்டு பாடங்களை எடுத்திருந்தால் அவற்றுக்கு இடையே ஒரு விளிம்பு. ஒவ்வொரு நேரப் பிரிவும் ஒரு நிறம். விளிம்பால் இணைந்த இரண்டு முனைகளுக்கும் ஒரே நிறம் வரக் கூடாது. மிகக் குறைந்த நிறங்களில் முடிப்பதற்கு, எல்லாக் கோட்டுருவுக்கும் பொருந்தும் வேகமான வழி எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இது தெரியாதவர் முழுமையான விடை தேடி வாரக்கணக்கில் முட்டிக்கொள்வார். தெரிந்தவர் முதல் நாளே ‘ஓரளவு நல்ல விடை போதும்’ என்று முடிவெடுத்து, அதிக விளிம்புள்ள பாடத்திலிருந்து நிறம் கொடுத்துக்கொண்டே போவார்.

வழித்தேடலில் பயன்படும் டைக்ஸ்ட்ராவின் அல்காரிதம் 1959-இல் வெளியானது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்த விளிம்பின் செலவும் எதிர்மமாக இருக்கக் கூடாது. அருகில் உள்ள முனையைத் தேர்ந்து ‘இதற்கான தூரம் முடிவாகிவிட்டது’ என்று பூட்டிவிட்டு அது நகர்கிறது. பின்னால் ஓர் எதிர்மச் செலவு வந்தால் பூட்டிய தூரம் தவறாகிவிடும். லாபத்தை எதிர்மச் செலவாக எழுதிவிட்டு இந்த அல்காரிதத்தை ஓட்டுபவருக்கு, பிழைச் செய்தி எதுவும் வராமல் தவறான விடை வரும். நிறுவலைப் படித்தவருக்கே இந்த நிபந்தனை நினைவில் நிற்கும்; நிரலை மட்டும் நகலெடுத்தவருக்கு நிற்காது.

## தற்செயலைக் கணக்கிடுதல்

கூடத்தில் எத்தனை பேர் இருந்தால், யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல் போகும்? 365-இல் பாதி, 180-ஐ ஒட்டி இருக்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். விடை 23. காரணம் கைகுலுக்கல் கணக்கிலேயே இருக்கிறது: 23 பேரில் 253 இணைகள். ஒவ்வோர் இணையும் மோதலுக்கு, அதாவது இருவருக்கும் ஒரே நாள் அமைவதற்கு, ஒரு வாய்ப்பு.

இது வேடிக்கைக் கணக்கோடு முடிந்துவிடவில்லை. ஒரு தரவை நிலையான நீளமுள்ள எண்ணாகச் சுருக்கித் தரும் சார்புக்கு ஹாஷ் என்று பெயர். 32 பிட் ஹாஷில் 429 கோடிக்கும் மேற்பட்ட மதிப்புகள் உண்டு. ‘நம்மிடம் ஒரு லட்சம் பதிவுதானே, இரண்டு பதிவுக்கு ஒரே எண் வரவே வராது’ என்று முடிவு செய்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஏறத்தாழ 77,000 பதிவுகளிலேயே மோதல் வாய்ப்பு பாதியைத் தொட்டுவிடுகிறது. தற்செயலாக எடுக்கும் 32 பிட் அடையாள எண்களுக்கும் இதே கதி. 64 பிட்டுக்குப் போனால் அந்த எல்லை சுமார் 500 கோடிப் பதிவுகளுக்குத் தள்ளிப்போகும். எத்தனை பிட் வேண்டும் என்பதை ஊகத்தால் முடிவு செய்யக் கூடாது. ஒரு வரி நிகழ்தகவுக் கணக்கு போதும்.

## தொடர்ந்து மாறும் அளவுகள்

இதுவரை பார்த்தவை எல்லாம் தனித்தனியாக எண்ணக்கூடியவை: ஆட்கள், இணைகள், படிகள். இவற்றைப் பற்றிய கணிதத்தைத் தனிநிலைக் கணிதம் என்பார்கள். கணினி அறிவியல் மாணவர் முதலில் ஊன்ற வேண்டிய இடம் அதுதான். நுண்கணிதத்தில் தடுமாறிய பலர் இதில் இயல்பாக நடப்பதைப் பார்க்கலாம். நுண்கணித மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒருவர் இத்துறைக்குத் தகுதியா என்று முடிவு செய்வது அநியாயம்.

ஆனால் தொடர்ந்து மாறும் அளவுகளையும் தவிர்க்க முடியாது. பெரும்பாலான மொழிகளில் 0.1 + 0.2 என்று கொடுத்தால் 0.30000000000000004 என்று வரும். மூன்றில் ஒரு பங்கைப் பத்தடிமானத்தில் எழுதினால் 0.333… என்று முடியாமல் போவதுபோல, பத்தில் ஒரு பங்கை இரண்டடிமானத்தில் எழுதினாலும் முடியாது. எங்கேயாவது வெட்டியாக வேண்டும். வெட்டிய துணுக்கு சிறியதுதான், ஆனால் சேரும். 1991 வளைகுடாப் போரில் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணி, வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கியது. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியபோது பிழை 0.34 நொடியாகக் குவிந்தது. வந்த ஏவுகணையை அது தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தார்கள். பணத்தைக் கையாளும் நிரல்களில் தசமங்களைத் தவிர்த்து, மிகச் சிறிய நாணய அலகை முழு எண்ணாகச் சேமிப்பதும் இந்தக் குவிதலைத் தடுக்கத்தான்.

படங்களோடு வேலை செய்பவருக்கு நேரியல் இயற்கணிதம் வேண்டும். 1920 × 1080 அளவுள்ள ஒரு வண்ணப்படம், நிறத்துக்கு மூன்று எண்கள் வீதம் 62,20,800 எண்களின் தொகுப்பு. அதைச் சுழற்றுவதும் பெரிதாக்குவதும் எண்களைக் கிடைவரிசையாகவும் நெடுவரிசையாகவும் அடுக்கிய அணிகளின் பெருக்கல்.

தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றலில் நுண்கணிதம் நேராக வருகிறது. ஒரு சார்பு எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதைச் சொல்வது வகைக்கெழு. பிழையைக் குறைக்க, சரிவின் திசையில் சிறு சிறு அடியாக இறங்குகிறோம். பிழை என்பது ஓர் எண்ணின் வர்க்கம் என்று கொள்வோம். அதன் வகைக்கெழு அந்த எண்ணின் இரு மடங்கு. 10-இல் தொடங்கி, அடியின் அளவு 0.1 என்றால் அடுத்தடுத்து 8, 6.4, 5.12 என்று அழகாக இறங்கும். அடி 1 என்றால் 10, −10, 10 என்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். அடி 1.1 என்றால் −12, 14.4, −17.28 என்று வெடித்துப் போகும். பயிற்சியின்போது பிழை குறையாமல் எகிறினால் முதலில் அடியின் அளவைப் பார் என்று சொல்வது இதனால்தான். இந்த மூன்று வரிசைகளையும் ஒரு முறை கையால் கணக்கிட்டவருக்கு அந்த அறிவுரை ஒருநாளும் மறக்காது.

## யாருக்கு எவ்வளவு?

எல்லோருக்கும் எல்லாமும் ஒரே அளவில் வேண்டியதில்லை. தர்க்கமும், வளர்ச்சியை எண்ணுவதும், தொகுத்தறிதலும் யாரும் விடக் கூடாதவை. தரவுத்தளங்களில் வேலை செய்பவர் கணங்களையும் உறவுகளையும் நன்றாகப் படிக்க வேண்டும். 1970-இல் எட்கர் காட் முன்வைத்த உறவுசார் தரவு மாதிரி அவற்றின் மேல்தான் கட்டப்பட்டது. இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது நிபந்தனையை விட்டுவிட்டால், ஆயிரம் வரிசைகளும் ஆயிரம் வரிசைகளும் சேர்ந்து 10 லட்சம் வரிசைகளாக வருவது ஏன் என்பது அவர்களுக்கு உடனே விளங்கும். மறையாக்கத்துக்குப் பகா எண்களும் எச்சக் கணிதமும், வரைகலைக்கு நேரியல் இயற்கணிதமும் வேண்டும். இயந்திரக் கற்றலுக்கு நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, நுண்கணிதம் மூன்றும் வேண்டும்.

## படிக்கும் முறை

சூத்திரத்தை மனப்பாடம் செய்வது இந்தக் கணிதத்தில் அதிகம் உதவாது. ஒரு புதிய கூற்றைப் பார்த்தால் முதலில் 0, 1, 2, 3 என்ற சிறு மதிப்புகளுக்குத் தாளில் போட்டுப் பாருங்கள். பிறகு ஆயிரம் வரை சோதிக்கும் சிறு நிரல் எழுதுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். எ² + எ + 41 என்ற கோவை எ-க்கு 0 முதல் 39 வரை எதைக் கொடுத்தாலும் பகா எண்ணையே தரும். நாற்பது முறை தொடர்ந்து சரி. 40 கொடுத்தால் 1681 வரும். அது 41 × 41. ‘இத்தனை முறை சரியாக வந்ததே’ என்பது சான்று ஆகாது என்பதை உணர இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆகவே மூன்றாவது படியாக, அந்தக் கூற்று ஏன் உண்மை என்பதை உங்கள் சொந்த வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். நிறுவலைப் படித்தவுடன் புரிந்ததுபோல இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு எழுதும்போதுதான் எந்த இடத்தில் தாவினோம் என்பது தெரியும். அந்த இடத்தில் செலவாகும் நேரம் வீண் போகாது.

நீங்கள் எழுதிய நிரல் எந்த வகையில் வளர்கிறது என்பதை அளப்பது எளிது. ஓர் உள்ளீட்டுக்கு ஓடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டை இரு மடங்காக்கி மறுபடி ஓட்டுங்கள். நேரமும் இரு மடங்கானால் எ வகை, நான்கு மடங்கானால் எ² வகை, எட்டு மடங்கானால் எ³ வகை. இரண்டுக்குச் சற்று மேல் வந்தால் எ × மடக்கை எ வகையாக இருக்கலாம். 1 லட்சத்திலிருந்து 2 லட்சத்துக்குப் போகும்போது அந்த விகிதம் சுமார் 2.1. ஒரு நொடிக்கும் குறைவாக ஓடும் உள்ளீட்டில் இதைச் செய்யாதீர்கள். நிரல் தொடங்கும் நேரமே கணக்கைக் குழப்பிவிடும். ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து முறை ஓட்டி, நடு மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு முன் லூப்புகளைப் பார்த்து விகிதம் என்னவாக இருக்கும் என்று தாளில் எழுதி வையுங்கள். எழுதியதும் அளந்ததும் பொருந்தவில்லை என்றால், பெரும்பாலும் ஒற்றை வரியாகத் தெரியும் ஏதோ ஒரு நூலக அழைப்புக்குள் இன்னொரு லூப் ஒளிந்திருக்கும்.